நகை மூட்டையோடு ஒரு பகல்

வாசிக்கிறவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். மேடை ஏறினால் முதலில் நடுவரை வணங்குவது என் வழக்கம். இங்கே நடுவர் இல்லை, தீர்ப்பும் எனக்கு வேண்டாம். நான் சொல்லப் போகிற நிகழ்ச்சியில் குற்றவாளி என்று ஒருவரையும் கூண்டில் ஏற்ற என்னால் முடியவில்லை. எல்லோரும் அன்பானவர்கள், எல்லோரும் முறைப்படிதான் நடந்தார்கள். ஆனாலும் ஒரு மனிதருக்கு உரிய ஒரு பகல் அவர் கண்ணெதிரிலேயே கரைந்து போயிற்று. அதை இன்னொருவரும் பார்த்தார் என்று நான் பின்னால் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் அழைக்கிறேன்.

அந்த மனிதர் என் அண்ணன். மஸ்கட்டில் பெரிய கட்டடங்களுக்குக் குளிரூட்டும் குழாய் பொருத்துகிற வேலை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு மாத விடுப்பில் ஸ்ரீவைகுண்டத்துக்கு வருவார். அவருடைய மகளுக்கு ஆறு வயது. கைபேசித் திரையில் தகப்பனைப் பார்த்தால் அவள் பேச்சை நிறுத்த ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தார்கள், எந்தப் பல் ஆடுகிறது, அணைக்கட்டில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது, எல்லாம் சொல்வாள். அதே தகப்பன் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, அவள் தன் தாயின், அதாவது என் மைனியின், சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு வாரம் ஆகியும் வெளியே வரவில்லை.

ஒரு மாலை, அண்ணன் நடுவீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் மைனியிடம் போய்க் கைபேசியை நீட்டி, "அப்பாவுக்குப் போட்டுக் குடும்மா," என்றாள்.

"அப்பா இங்கனதானட்டி இருக்காவ!"

"அந்த அப்பாவுக்கு," என்றாள் பிள்ளை.

மைனி சிரிக்கவும் முடியாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, பின்வாசல் வழியாக வாழைத் தோட்டத்துக்குள் போனார். சற்று நேரத்தில் மைனியின் கைபேசி மணியடித்தது. பிள்ளை ஓடிப்போய் எடுத்தாள். வீட்டுக்குள் இவள் பேசுகிறாள். வாழைக்குள் நின்று அவர் பேசுகிறார். "மஸ்கட்ல சூடா?" என்று இவள் கேட்கிறாள். "சூடுதாம்மா" என்கிற பதில் கைபேசியிலும் பின்வாசலிலும் ஒன்றாகக் கேட்கிறது.

மறுநாள் காலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எலே, ஒரு நாள். ஒரே ஒரு நாள். நானும் ஒம் மைனியும் பிள்ளையும் மட்டும் மதுரைப் பக்கம் அந்தத் தீம் பார்க்குக்குப் போயிட்டு வரணும். அங்கன இருட்டுக் குழாய்ல தண்ணியோட சறுக்குத மாதிரி ஒண்ணு இருக்காம். அவ அதைப் படத்துல பார்த்துட்டு என்கிட்ட கேட்டா. போன்லதான் கேட்டா. ரெண்டு பேரு சேந்து உக்காந்து வரணுமாம்."

"சரிண்ணே."

"இருட்டுல்லா? பயந்துருவா. பயந்தா பக்கத்துல இருக்கவன் கையைப் பிடிப்பால்லா?"

அண்ணன் கேட்டது அவ்வளவுதான். சாட்சியாக வந்தவர் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

திட்டமிடுகிற பொறுப்பு என்னிடம் வந்ததில் வியப்பில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு, மூன்று மாவட்டங்களில் பேச்சுப் போட்டிப் பரிசு, பட்டிமன்றத்தில் அணித்தலைவன்: சொல்ல வந்ததை முன்னுரை, பொருள், முடிவுரை என்று கட்டுகிறவனுக்கு மூன்று பேருடைய ஒரு நாள் பயணத்தைக் கட்டுவது பெரிய வேலையா? அண்ணன் இந்தச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்திருந்தார். அதற்குள் வாடகைக் கார், மதுரையில் ஓரிரவு தங்க நல்ல அறை, நுழைவுக் கட்டணம், பூங்காவுக்குள்ளேயே மதியச் சாப்பாடு, அந்த இருட்டுக் குழாய்க்குத் தனிச்சீட்டு எல்லாம் அடங்கின. பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கவும் மிச்சம் இருந்தது. அண்ணன் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வெளியூர் போகிறவர்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் போவதில்லை. சொன்னால், கேட்கிறவர் "நாங்களும் வரட்டுமா" என்று ஒருபோதும் கேட்கமாட்டார். "அப்படியா, நல்லபடியா போயிட்டு வாங்க" என்பார். அதன் பிறகு சின்னதாக ஓர் அமைதி வரும். அந்த அமைதிக்குள் நாம் அழைத்தாக வேண்டும். அழைக்காவிட்டால் அடுத்த கல்யாணம் வரை அது பேசப்படும்.

அம்மா கங்கைகொண்டானில் இருக்கிற அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னார். அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்தவர்.

"அப்படியா மைனி? நல்லது. நல்லபடியா போயிட்டு வரட்டும்," என்றார் அத்தை. அமைதி. பிறகு, "நம்ம வீட்டுப் பிள்ளையள் எங்கன அதெல்லாம் பார்க்கப் போவுது?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் கைகளை ஆட்டி வேண்டாம் என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நீங்களும் வாங்களேன்," என்று சொல்லிவிட்டார்.

அம்மாவைக் குறை சொல்வீர்களா? அண்ணனுக்கு வீசா வந்த ஆண்டு, ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் போதாமல் வீடே கலங்கி நின்றபோது, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர் இந்த அத்தை. அண்ணன் முதல் ஆண்டிலேயே அதை மீட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் சங்கிலியைத் திருப்பலாம், அன்றைக்குக் கழற்றிய கையை எப்படித் திருப்புவது? அந்த அத்தையிடம் "நாங்கள் மூன்று பேர் மட்டும்" என்று சொல்ல எந்த வாய்க்கு வலிமை உண்டு?

அத்தையை அழைத்தால் மாமாவை அழைக்காமல் இருக்க முடியாது. அவர் அம்மாவின் தம்பி. மாமா வந்தால் மைனியின் பிறந்த வீட்டாரை விடுவது முறையில்லை. அத்தையின் மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்குத் தனியாக, நேரில் போய், பழம் வாங்கிக் கொடுத்து அழைப்பு வைக்க வேண்டும். அதற்கு நானும் அண்ணனும்தான் போனோம். வருகிற வழியில் அண்ணன் வண்டியை நிறுத்தி, "இப்பம் எத்தனை பேருலே?" என்று கேட்டார். முப்பதை நெருங்குகிறது என்றேன். "சரிலே," என்றார்.

தொகை அதேதான், ஆட்கள்தாம் பெருகினார்கள். ஆகவே நான் ஒவ்வொன்றாக வெட்டினேன். மதுரை அறை போயிற்று. விடியுமுன் கிளம்பி இருட்டும் நேரம் திரும்புவது என்றானது. கார் போய் வேன் வந்தது. குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேடக்காரர்களை ஏற்றிப் போகிற வேன் அது. முன்கண்ணாடியில் மணிச்சரம், உள்ளே பாட்டுப் போட ஒலிபெருக்கி, மைக் எல்லாம் உண்டு. பூங்காச் சாப்பாடு போய்ப் புளியோதரை வந்தது. பொம்மை போயிற்று. அந்த இருட்டுக் குழாய்க்கான இரண்டு சீட்டை மட்டும் நான் தொடவில்லை.

வெட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் எழுந்து நின்றேன். பயிற்சி பெற்ற குரலில், அடிவயிற்றிலிருந்து பேசினேன். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவே கடல் கிடக்கிறது என்றேன். ஊரெல்லாம் சேர்ந்து போனால் அந்தக் கடல் வற்றாது என்றேன். இந்த ஒரு முறை இவர்கள் மூவரும் போகட்டும், தைப்பொங்கலுக்கு நாம் எல்லோரும் பாபநாசத்துக்கு அருவியில் குளிக்கப் போவோம் என்று முடித்தேன். என் வாழ்நாளில் அதைவிட நேர்மையாக நான் பேசியதில்லை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமா பேசுதாம் பாத்தியளா! இவனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்கலே," என்றார்.

"நெஞ்ச உருக்கிட்டாம்லா," என்றார் மாமா. "தகப்பனும் பிள்ளையும் சேருதத நாம எல்லாரும் கூட இருந்து பாக்கணும். நான் எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும் சொல்லலாம்னு பாக்கேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். இப்படித் தோற்பதற்கு எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. எதிரணி வாதாடினால் மடக்கலாம். எதிரணி அழுது பாராட்டினால் என்ன செய்வது? அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "விடுலே. அங்கன போனா கூட்டத்துல பைய நழுவிரலாம்," என்று பிறகு என் காதில் சொன்னார்.

குறித்த நாளில் வேன் கிளம்பியது. வாழைக்குத் தண்ணீர் முறை வந்ததால் அப்பா வரவில்லை. முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. இத்தனை பேரை அழைத்தவர் வாசலில் நின்று எங்களுக்குக் கையசைத்தார்.

பெண்கள் எல்லோரும் நகை போட்டிருந்தார்கள். தண்ணீரில் ஆடப் போகிற இடத்துக்கு எதற்கு என்று நான் முன்னமே கேட்டிருந்தேன். "சொந்தக்காரவ நடுவுல வெறுங்கழுத்தோட ஏறச் சொல்லுதியா?" என்று அத்தை அடக்கிவிட்டார். நாலு குடும்பம் ஒரு வண்டியில் ஏறினால் எங்கள் வழக்கத்தில் அது விசேஷம். விசேஷத்துக்குப் பட்டும் பொன்னும் உண்டு.

பூங்கா வாசலில் முதல் அடி விழுந்தது. வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி கிடையாது. இரண்டு பெரிய பாத்திரம் புளியோதரையும் டிரைவரோடு வேனிலேயே தங்கின. அண்ணன் தன் கையிலிருந்த வேறு பணத்தில் எல்லோருக்கும் உள்ளே வாங்கித் தரச் சொன்னார். இருட்டுக் குழாய்க்கு இரண்டு சீட்டையும் முதலில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பையை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

இரண்டாவது அடி நீச்சல் குளத்தங்கரையில் விழுந்தது. காவலுக்கு நின்ற இளைஞர் விசில் ஊதினார். நகை போட்டுக்கொண்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. வேண்டுமானால் லாக்கர் இருக்கிறது என்றார்.

"லாக்கரா?" என்றார் அத்தை. "சாவி நம்ம கையில ஒண்ணு. இன்னொண்ணு இருக்காதுன்னு என்ன நிச்சயம்?"

"நான் வச்சிருக்கேன் அத்தை," என்றேன்.

"நீயா மருமவனே? எவனாவது எதுத்து ஒரு வார்த்த சொன்னாம்னா, நகைய அப்பிடியே வச்சிட்டு வாதாடப் போயிருவ."

கூட்டம் சிரித்தது. மைனி, தான் கரையில் இருப்பதாகச் சொன்னார். "வேண்டாம்மா," என்றார் அத்தை, அன்போடுதான். "ஒரு தோடு கொறைஞ்சாலும் வீட்டுக்கு வாழ வந்த பிள்ளை மேல பழி வந்துரும்." மாப்பிள்ளையைக் காவலுக்கு உட்காரச் சொல்வது மரியாதையில்லை. மாமா ஏற்கெனவே கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடிக்கொண்டிருந்தார்.

"பெரியவன் இருக்காம்லா," என்றார் அத்தை. "அவன் மடியில இருந்தா பேங்குல இருக்க மாதிரி."

அது புகழ்ச்சி. எல்லா வீட்டுப் பொன்னையும் ஒருவர் மடியில் நம்பி வைக்கிறார்கள் என்றால், எங்கள் சனத்தில் அதற்கு மேல் ஒரு பட்டம் இல்லை. அண்ணன் தோளில் கிடந்த துண்டை விரித்தார். வளையல், தோடு, சங்கிலி என்று ஒவ்வொன்றாக விழுந்தன. வீசாவுக்காக ஒரு காலத்தில் கழன்ற அந்தச் சங்கிலியும் விழுந்தது. துண்டின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெரிய யானையின் நிழலில், சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

பிள்ளை கொஞ்சம் தள்ளி நின்று அவரைப் பார்த்தாள். பிறகு இருட்டுக் குழாயைப் பார்த்தாள்.

"செத்த நேரம் பொறும்மா. அப்பா வந்துருதேன்," என்றார் அண்ணன்.

அந்தச் 'செத்த நேரம்' முற்பகலாகி நண்பகலாகியது. இடையிடையே பெண்கள் ஈரத்தோடு வந்து, புகைப்படத்துக்காக நகையை வாங்கிப் போட்டுக்கொண்டு, சிரித்து நின்று, மறுபடி கழற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முடிச்சை அவிழ்த்து, சரிபார்த்து, முடிய வேண்டும். நான் சாப்பாட்டு வரிசையில் நெடுநேரம் நின்றேன். திரும்பி வந்து, செயற்கை அலை எழுப்புகிற அலைக்குளத்துக்கு ஓடினேன்.

"அத்தை, கொஞ்ச நேரம் நீங்க வந்து இருங்க. அண்ணன் பிள்ளையக் கூட்டிட்டுப் போகட்டும்."

"இந்தா, அடுத்த அலை வரட்டும்லே. பைய வாரேன்!"

அலை வந்தது. அத்தை கவிழ்ந்து, எழுந்து, வாயில் போன தண்ணீரைத் துப்பி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. விடியுமுன் எழுந்து, மகன் கம்பெனி வேலைக்குப் போகச் சோறு கட்டி, மாடு கவனித்து, அப்படியே முதுமைக்குள் போய்க்கொண்டிருக்கிற ஒரு பெண் அலையில் நின்று குழந்தையைப் போலக் கத்துகிறார். அவரைக் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவரச் சொல்கிறீர்களா? இன்னொரு முறை கேட்டேன். "இந்தா வந்துட்டேன்" என்றார். அடுத்த அலை வந்தது.

நிழல் யானையை விட்டு நகர்ந்தது. அண்ணனும் பலகையில் நகர்ந்து உட்கார்ந்தார். இருட்டுக் குழாய்க்குக் கடைசி வரிசை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அண்ணன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து இரண்டு சீட்டையும் எடுத்தார். வியர்வையில் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"நீ கூட்டிட்டுப் போலே."

"அண்ணே, நீ போ. மூட்டையை என்கிட்ட குடு. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். நம்பிக் கொடுத்தவர்கள் எல்லோரும் தண்ணீரில் இருந்தார்கள். கேட்டுச் சம்மதம் வாங்க நேரமில்லை. "என்னை நம்பித்தான குடுத்தாவ," என்றார். "நேரமாயிட்டு. அவ ஆசைப்பட்டது நடக்கட்டும். ஓடு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

மேலே மிதவையைப் பிடித்திருந்தவர், குழந்தையோடு பெரியவர்கள் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அப்பாவா?" என்று கேட்டார்.

"சித்தப்பா," என்றாள் பிள்ளை. "எங்கப்பா மஸ்கட்ல இருக்காவ."

மேலிருந்து பார்த்தால் அந்த யானை தெரிந்தது. பலகையில் உட்கார்ந்து, மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவரும் தெரிந்தார். மிதவையைத் தள்ளிவிட்டார்கள். இருட்டு. பிள்ளை அலறினாள். அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது: பயந்தாள், பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்தாள். வெளிச்சம் வந்து, கீழே தண்ணீரில் விழுந்து, கரை ஏறிய பிறகும் விடவில்லை.

அண்ணனிடம் நடந்தோம். அவள் என் கையைப் பிடித்தபடியே அவருக்கு எட்டாத தூரத்தில் நின்றாள்.

"பயந்தியாட்டி?"

தலையை ஆட்டினாள்.

"அழுதியா?"

"இல்ல. சித்தப்பா கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"நல்ல வேலை செஞ்ச," என்றார் அண்ணன். சிரித்தார். பிறகு குனிந்து மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அத்தை தலையைத் துவட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

வேன் கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. எல்லோர் கழுத்திலும் காதிலும் அவரவர் பொன் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு குன்றிமணி குறையவில்லை. புளியோதரையை இலையில் வைத்து மடியில் வைத்துத் தின்றோம், கெட்டுப்போகவில்லை. பிள்ளை மைனியின் தோளில் தூங்கிப் போனாள். அண்ணன் முன்னிருக்கையில் இருந்தார். வெறுந்துண்டு மடித்தபடி அவர் மடியிலேயே கிடந்தது. இன்னும் ஐந்து நாளில் விமானம். அடுத்த விடுப்பில் பிள்ளைக்கு எட்டு வயதாகியிருக்கும். எட்டு வயதில் யார் இருட்டுக்குப் பயப்படுவார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில் வெட்டிக் குறைக்க எதுவும் அகப்படவில்லை.

"ஏலே பேச்சாளரே!" என்று பின்னாலிருந்து அத்தை கூப்பிட்டார். "சும்மா வாரீரே? மைக் இருக்குல்லா. நன்றியுரை சொல்லும்வே!"

எல்லோரும் கைதட்டினார்கள். தசரா மைக்கை டிரைவர் என்னிடம் நீட்டினார். எழுந்து கம்பியைப் பிடித்து நின்றேன். "பெரியோர்களே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் மேடைத்தமிழ் ஓடவில்லை. மணிச்சரம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முன்னிருக்கையில் அண்ணன் திரும்பாமல் சாலையையே பார்த்திருந்தார். ஒலிபெருக்கி வழியாக, எல்லோர் காதிலும் விழும்படி, இதைத்தான் சொன்னேன்:

"அண்ணன் அடுத்த தடவ வரும்போது, வந்த மறுநாள் அண்ணனும் மைனியும் பிள்ளையும் மூணு பேரும் மட்டும் கிளம்பிப் போவாவ. எங்கன போனாவன்னு அம்மா கேட்டாலும், மாமா கேட்டாலும், அத்தை, நீங்க கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். வருத்தம் எல்லாத்தையும் என் மேல வச்சிக்கிடுங்க. உங்க நகை, பை, செருப்பு எதுவானாலும் கொண்டாந்து என் மடியில வைங்க. அன்னைக்குப் பூரா வாயைத் திறக்காம, எந்திரிக்காம, நான் உக்காந்திருக்கேன்."